மழைப் பாதையில் ஒரு கை சீனி

மகளின் இன்சுலினை மடியில் வைத்துக்கொண்டுதான் நான் நாடு மாறினேன். வவுனியா வீட்டிலிருந்து கட்டிய பெட்டிகளில் சட்டி, துணி, மிளகாய்த்தூள், ஆரபியின் பாடப்புத்தகங்கள் எல்லாம் இருந்தன. அவற்றில் எது தொலைந்தாலும் திரும்ப வாங்கிவிடலாம். இந்தச் சிறிய நீலப் பை மட்டும் என் கையை விட்டுப் போகக்கூடாது.

ஆரபிக்கு ஏழு வயது. ஐந்து வயதில் அவளுக்கு நீரிழிவு என்று கண்டுபிடித்தார்கள். மாத்திரையால் அடங்காத, பிள்ளைகளுக்கு வருகிற வகை. ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்னும் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்து, ஊசி போட்டு, உடனே சாப்பிட வைக்க வேண்டும். ஊசி போட்டபின் சாப்பாடு உள்ளே தங்காவிட்டால் இரத்தத்தில் சீனி மளமளவென்று இறங்கிவிடும். பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

என் கணவர் ரமணனுக்குப் புனேயில் கணினி வேலை கிடைத்து அவர் முன்னாலேயே போய்விட்டார். எங்கள் விசா பிந்தி வந்தது. கராடி என்ற பகுதியில் வீடு எடுத்திருப்பதாக அவர் தொலைபேசியில் சொன்னபோது ஆரபி கேட்டாள்: “கரடி இருக்கிற இடத்திலயோ அப்பா இருக்கிறார்?” அந்தச் சிரிப்போடுதான் கொழும்புக்கு பஸ் ஏறினோம்.

விமான நிலையத்துப் பாதுகாப்புச் சோதனையில் பைக்குள் இருந்த குளிர்க்கட்டிகள் உருகிப்போயிருந்ததால் அவற்றை எடுத்துவிட வேண்டியிருந்தது. சோதித்த பெண் சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டு, ஊசிகளை ஒவ்வொன்றாகப் பழையபடி அடுக்கித் தந்தார். விமானத்தில் பணிப்பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒரு பொலித்தீன் பையில் பனிக்கட்டியை நிரப்பிக் கொண்டுவந்து, அது உருக உருக மாற்றிக்கொண்டே இருந்தார். இப்படி மும்பை வரை வந்துவிட்டோம்.

மும்பையில் இறங்கியபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. வவுனியாவில் நாங்கள் மழைக்காக வானத்தைப் பார்த்திருப்போம். இங்கே வானமே கண்ணாடிக்கு வெளியே வந்து நின்றது. புனேக்குப் போகும் எங்கள் அடுத்த விமானத்தின் பெயருக்கு நேரே சிவப்பெழுத்து. ரத்து. நாளைக் காலை பார்க்கலாம், அதுவும் மழை விட்டால், என்றார் மேசையில் இருந்தவர். ரமணனுக்கு அழைக்கப் பார்த்தேன். என் தொலைபேசியில் ஒரு கோடுகூட இல்லை.

எங்கள் பெரிய பெட்டி வந்தே சேரவில்லை. மற்றவற்றை ஏற்றிய வண்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டு நின்றேன். கண் நிறைந்துவிட்டது. ஆரபி என் சட்டையை இழுத்தாள்.

“அம்மா, அழாதேங்கோ. எனக்கு சுகர் சரியாத்தானே இருக்கு.”

“சிலோனா நீங்க?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். திரும்பினேன். ஒரு பெண், ஐம்பத்தைந்து வயது இருக்கும். குட்டை முடி, கழுத்தில் சின்னச் சிலுவை, முழங்காலில் பட்டி. “பேச்சைக் கேட்டதும் நெனச்சேன். நான் ஜெசிந்தா. மஸ்கட்ல தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வாரேன். நமக்கும் புனேதான், கட்கி ஏரியா. அதே ஃப்ளைட்டுதான், கேன்சல். நாளைக்கு வரைக்கும் இந்தப் புள்ளைய வச்சிக்கிட்டு இங்க உட்கார்ந்து என்ன செய்யப் போறீங்க? வெளிய ஷேர் டாக்ஸி இருக்கு. சலோ, சேர்ந்து போயிருவோம்.”

தெரியாத ஊரில் தெரியாத ஒருவரோடு காரில் ஏறுவதா? என் முகத்தில் அது எழுதியிருந்திருக்க வேண்டும். அவர் தன் தொலைபேசியை நீட்டினார்.

“மொதல்ல வீட்டுக்காரருக்குப் பேசுங்க. அவரு சரின்னா வாங்க.”

ரமணன் என் குரலைக் கேட்டதும், “எங்க நிக்கிறீர்? பிள்ளை சாப்பிட்டவளோ?” என்றார். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்சம் யோசித்து, “அந்த அன்ரியிட்ட ஒருக்கா குடும்” என்றார். அவர் என்ன கேட்டாரோ, ஜெசிந்தா தன் வீட்டு முகவரி, தான் வேலை செய்யும் கல்லூரி அலுவலகம், கணவரின் தொலைபேசி எண் எல்லாவற்றையும் பள்ளிக்கூடப் பிள்ளை போல ஒப்பித்தார். முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். “உங்க வீட்டுக்காரரு போலீஸ்ல இருந்திருக்கலாம். ஆனா கேக்கணும், கேக்கத்தான் செய்யணும்.”

“ரொம்ப உபகாரம் அன்ரி” என்றேன்.

“புள்ளை ஆன்ட்டின்னு சொல்லட்டும். நீங்க அக்கான்னு சொல்லுங்க.”

டாக்ஸியில் முன்சீட்டில் ஏற்கெனவே ஓர் இளைஞன் இருந்தான். பெயர் ஓம்கார் என்பது பிறகுதான் தெரிந்தது. காதில் ஏதோ மாட்டிக்கொண்டு எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. மும்பையை விட்டு வெளியேறவே நெடுநேரமானது. தண்ணீருக்குள் கார் போவதைப் பார்த்து ஆரபிக்கு ஒரே குதூகலம். மலை ஏறுவதற்கு முன் பெரிய உணவுக்கூடம் ஒன்றில் நிறுத்தினார்கள். ஜெசிந்தா அக்கா பொரித்த உருளைக்கிழங்கைப் பாணுக்குள் வைத்த வடா பாவ் வாங்கினார். ஆரபிக்கு நான் இட்லி எடுத்தேன். மேசையிலேயே விரலில் குத்திப் பார்த்து ஊசி போட்டேன். பக்கத்து மேசைக்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எனக்கு அது பழக்கம். சாம்பார் இனித்தது. “சாம்பாருக்குள்ள ஆர் சீனி போட்டது?” என்று கேட்டாலும் ஆரபி முழுவதையும் சாப்பிட்டு முடித்தாள்.

அதன்பின் மலை. இரண்டு பக்கமும் அருவிகள், குகைப்பாதைகள், முகிலுக்குள் நுழைந்து வெளியே வரும் லொறிகள். வவுனியாவில் பிறந்து வளர்ந்த பிள்ளை மலையையே கண்டதில்லை. வளைவுகளில் கார் திரும்பத் திரும்ப அவள் பேச்சு நின்றது.

“அம்மா, சத்தி வருது.”

பையை எடுப்பதற்குள் எல்லாம் வெளியே வந்துவிட்டது. இட்லி முழுவதும். முன்சீட்டின் முதுகிலும் பட்டது. ஓம்கார் திரும்பிப் பார்த்து ஓட்டுநரிடம் மராத்தியில் ஏதோ சொன்னான்.

“என்னவாம் அக்கா?”

“ஒண்ணும் இல்ல. ஜன்னலைத் திறக்கச் சொல்லுதான்.” அவர் முகத்தைப் பார்த்தால் அவன் அதை மட்டும் சொல்லியிருக்கவில்லை என்று தெரிந்தது.

எனக்கு அது பெரிதாகப் படவில்லை. ஊசி உள்ளே, சாப்பாடு வெளியே. அதுதான் தலைக்குள் ஓடியது. குளுக்கோஸ் மாவைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தேன். அடுத்த வளைவில் அதையும் வாந்தியெடுத்தாள். இன்னொரு பொட்டலத்தை உடைத்தேன். அப்போது கார் நின்றது. முன்னால் ஒரு லொறி, அதற்கு முன்னால் ஒரு பஸ், கண்ணுக்கெட்டியவரை சிவப்பு விளக்குகள். மேலே எங்கோ மண் சரிந்துவிட்டதாம். ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்.

இரண்டாவது பொட்டலமும் வயிற்றில் தங்கவில்லை. விரலில் குத்திப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு. எழுபதுக்குக் கீழே போகவே கூடாது. அவள் நெற்றி வேர்த்து, உதடு வெளுத்து, என் தோளில் சாய்ந்தாள். “நித்திரை வருதம்மா.”

“நித்திரை கொள்ளாதை, ராசாத்தி. அம்மாவைப் பார்.”

மிச்ச குளுக்கோஸ் எல்லாம் பெரிய பெட்டியில் இருந்தது. பெட்டி இன்னும் விமானத்தாரிடம். மலையில் யாருடைய தொலைபேசியும் வேலை செய்யவில்லை. செய்திருந்தாலும் அந்த வாகன வரிசைக்குள் அம்புலன்ஸ் எப்படி வரும்?

“அக்கா, இவளுக்கு உடனே சீனி வேணும். இனிப்பா என்னவெண்டாலும். இல்லாட்டி மயங்கிப் போவாள். வலிப்பு வந்திடும்.”

ஜெசிந்தா அக்கா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முன்சீட்டுக்காரனின் தோளைத் தட்டி மராத்தியில் நாலு வார்த்தை சொன்னார். அவன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினான். திரும்பி ஆரபியைப் பார்த்தான். என் கையிலிருந்த கருவியைப் பார்த்தான். கதவைத் திறந்துகொண்டு மழைக்குள் ஓடினான். மலையின் மேல்பக்கமாக. ஜெசிந்தா அக்கா பட்டி போட்ட முழங்காலோடு கீழ்ப்பக்கமாக இறங்கினார். கார் காராகக் கண்ணாடியைத் தட்டி அவர் கூவியது இன்னும் கேட்கிறது: “சாக்கர் ஆஹே கா? சாக்கர்!” சீனி இருக்கிறதா என்று அர்த்தம். மராத்தியில் நான் படித்த முதல் சொல் அது.

முதலில் வந்தது ஒரு பெண். பச்சை வளையல் நிறையப் போட்டிருந்தார். சேலைத் தலைப்புக்குள் மறைத்து ஒரு தேன் போத்தலைக் கொண்டுவந்தார். என் விரலில் தேனைத் தொட்டு ஆரபியின் கன்னத்தின் உட்பக்கம் தேய்த்தேன். விழுங்கத் தேவையில்லை, வாய்க்குள் தேய்த்தாலே கொஞ்சம் ஏறும் என்று எங்கள் டாக்டர் சொல்லித் தந்திருந்தார். கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பெண் கதவோரம் நனைந்தபடி நின்று ஆரபியின் பாதத்தைத் தன் இரு கைகளாலும் சூடாக்கினார். ஒரு வார்த்தை எங்களுக்குள் பொதுவாக இல்லை.

அடுத்து ஒரு லொறி ஓட்டுநர். தன் வண்டிக்குள்ளேயே அடுப்பு வைத்திருப்பார் போல. ஒரு எவர்சில்வர் டம்ளரில் சுடுதண்ணீர், மற்றக் கையில் காகிதத்தில் ஒரு கை சீனி. கலக்கி, ஆற்றி, கரண்டியால் ஊட்டச் சொல்லிச் சைகை செய்தார். கரண்டியும் அவரே கொண்டுவந்திருந்தார். ஒரு கரண்டி கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். வெளியே வரவில்லை. இன்னொன்று. அதுவும் தங்கியது.

பிறகு ஓம்கார் திரும்பி வந்தான். உடம்பெல்லாம் தண்ணீர். கை நிறையக் குளிர்பானம், மாம்பழச் சாறு, பேடா என்கிற பால் இனிப்பு ஒரு பெட்டி. கலியாணத்துக்குப் போகும் பஸ் ஒன்று மேலே நின்றதாம். அவனுக்குப் பின்னால் அந்த பஸ்ஸிலிருந்து இன்னும் மூன்று பேர் வந்தார்கள். ஆங்கிலத்தில் என்னிடம் மெதுவாகச் சொன்னான்: “முன்சீட்டுக்கு வாருங்கள். முன்னால் இருந்தால் குமட்டாது. நான் பின்னால் இருக்கிறேன்.” வாந்தி பட்ட இடத்தைத் தன் துவாயால் துடைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தான்.

திரும்ப விரலில் குத்தினேன். எழுபத்தெட்டு. அதன்பின் தொண்ணூற்றைந்து. காருக்கு வெளியே நின்றவர்களுக்கு ஜெசிந்தா அக்கா மராத்தியில் எண்ணைச் சொல்ல, யாரோ கை தட்டினார்கள். பச்சை வளையல்காரப் பெண் என் தலையில் கை வைத்துவிட்டுத் தன் காருக்குப் போனார். அவர் பெயரைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது மழையில் அவர் எந்தக் காரில் ஏறினார் என்றே தெரியவில்லை.

ஆரபி மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தாள். சீட்டில், மடியில், காலடியில் எல்லாம் பேடா, லட்டு, பிஸ்கட், மிட்டாய். வாழ்நாளில் இப்படி ஒரு குவியலை அவளுக்கு யாரும் காட்டியதில்லை.

“அம்மா, இதெல்லாம் எனக்கோ?”

காரில் எல்லோரும் சிரித்தோம். நான் சிரித்துக்கொண்டே அழுதேன். ஓட்டுநர் இரண்டு லட்டுகளை எடுத்துக்கொண்டார்.

பாதை திறந்தபோது மழையும் தணிந்திருந்தது. புனேயின் எல்லையில் ஒரு மேம்பாலத்துக்குக் கீழே குடையோடு ரமணன் நின்றார். மத்தியானத்திலிருந்து நிற்கிறாராம். ஆரபி ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

“ஏனப்பா மெலிஞ்சு போனீங்கள்?”

அவர் அவள் தலையைத் தடவினார். ஜெசிந்தா அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “போலீஸ்காரரே, என்னை விடுங்க, முழங்கால் உயிர் போகுது” என்றார் அக்கா.

மறுநாள் காலை கண் விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே கட்டடங்களாகவே தெரிந்தன. எங்கள் வீடு எட்டாம் மாடியில். நிலத்தில் கால் வைக்க மின்தூக்கிக்குக் காத்திருக்க வேண்டும். கீழே தள்ளுவண்டியில் ஒருவர் அவலைத் தாளித்து விற்றார். மேலே எலுமிச்சை பிழிந்து, மெல்லிய ஓமப்பொடி தூவி. அவல் என்றால் எங்களுக்குத் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும்தான். ஆரபிக்கு இதுதான் நல்லது என்று பட்டது எனக்கு. தேங்காய் சின்னதாக இருந்தது, விலை பெரிதாக இருந்தது. சம்பல் இல்லாமல் ரமணன் இத்தனை நாள் இருந்ததால்தான் மெலிந்தார் என்று முடிவு செய்து ஒன்று வாங்கினேன். மரக்கறி விற்ற பெண் கேட்காமலே ஒரு பிடி கறிவேப்பிலையைப் பையில் போட்டார். அந்த வாரமே காணாமல் போன பெட்டியும் வந்து சேர்ந்தது.

முதல்முறை நானும் ஆரபியும் தனியாக வெளியே போனது மருந்துக் கடை தேடி. திரும்பும்போது ஆட்டோக்காரரிடம் “கராடி” என்றேன். அவர் தலையாட்டினார். போகிறது, போகிறது, எங்கள் கட்டடங்கள் வரவில்லை. ஏரவாடாவின் நெருக்கமான தெருக்களைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி, பழைய மரங்களும் இராணுவ மதிலுமாக ஓரிடத்தில் நிறுத்தி, “கட்கி” என்றார். என் வாயில் கராடி அவருக்குக் கட்கியாகக் கேட்டிருக்கிறது. நல்லவேளை, இப்போது என் தொலைபேசி வேலை செய்தது.

“அக்கா, நாங்கள் கட்கியில நிக்கிறம். வழி தவறிப்போச்சு.”

“வழி தவறலை, சரியாத்தான் வந்திருக்கீங்க. அங்கனயே நில்லுங்க, வாரேன்.”

அவர் வீட்டில் மீன்குழம்பு. திருநெல்வேலிப் பக்கத்துப் புளிப்பு, எங்கள் காரத்துக்கு மிகவும் பக்கம். அவர் தாத்தா அங்கிருந்து இங்கே இராணுவப் பணிமனையில் வேலைக்கு வந்தவராம். அக்காவின் மகள் ஷெரின் கல்லூரியில் படிக்கிறாள். நாங்கள் கதைப்பதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத் தாயிடம் திரும்பினாள். “மம்மி, அவங்க பேசுறது ஸ்வீட்டா இருக்கு. ஆனா எனக்கு ஆதா ஆதாதான் சமஜ் ஆகுது.” பாதி பாதிதான் விளங்குகிறது என்கிறாள். ஆரபி அவளுக்கு “கதைக்கிறது” என்றால் “பேசுறது” என்று விளங்கப்படுத்தினாள். நாங்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் இருவரும் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

இனி பள்ளிக்கூடம். அதற்குத்தான் நான் உண்மையில் பயந்தேன். வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியின் தலைமை ஆசிரியை எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கைகளைக் கோத்துக்கொண்டார். “எங்களிடம் நர்ஸ் இல்லை. ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். கோபம் இல்லை, பயம்தான். அந்தப் பயத்தை நான் அறிவேன்.

“நான் வெளியே இருப்பேன்” என்றேன். “தினமும், பள்ளி முடியும்வரை. கூப்பிட்டால் உடனே வருவேன்.”

அப்படித்தான் ஆரபி சேர்ந்தாள். நான் வாசலுக்கு உள்ளே, மதிலோரம் இருந்த வேப்பமரத்துக்குக் கீழே உட்கார்ந்தேன். காவலாளி முதல் நாள் முறைத்தார், இரண்டாம் நாள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார். நீலப் பை வகுப்பில் ஆரபியிடமே இருக்கும். இடைவேளையில் நான் உள்ளே போய் விரலில் குத்தி, ஊசி போட்டு, அவள் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு வருவேன். வகுப்பாசிரியை அஸ்வினி ஒவ்வொரு முறையும் பக்கத்தில் நின்று பார்ப்பார். எந்த எண் என்றால் என்ன, வேர்த்தால் என்ன, கோபப்பட்டால் என்ன என்று கேட்பார். ஒரு நாள் தன் விரலிலேயே குத்திப் பார்த்து, “வலிக்கத்தான் செய்கிறது” என்றார்.

இப்படியே ஒரு மாதம். மழை குறைந்து வெயில் எட்டிப்பார்த்த ஒரு நாள், இடைவேளைக்கு இன்னும் நேரமிருக்கும்போதே அஸ்வினி வாசலை நோக்கி நடந்து வருவதைக் கண்டேன். நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

“உட்காருங்கள்” என்றார் அவர் இந்தியும் ஆங்கிலமுமாக. “விளையாட்டு வகுப்புக்குப் பிறகு ஆரபி என்னிடம் வந்து, ‘மேடம், சுகர் கம்’ என்றாள். குத்திப் பார்த்தோம். அறுபத்தெட்டு. ஜூஸ் கொடுத்தேன். காத்திருந்து திரும்பவும் பார்த்தேன். நூற்றுப்பத்து. இப்போது கணக்குச் செய்துகொண்டிருக்கிறாள்.”

“என்னை ஏன் கூப்பிடவில்லை?” குரல் உயர்ந்துவிட்டது.

“நீங்கள் இல்லாமல் எங்களால் முடியுமா என்று எனக்கும் தெரிய வேண்டியிருந்தது. அவளுக்கும்தான்.” என் பக்கத்தில் குனிந்தார். “நாளையிலிருந்து இங்கே உட்கார வேண்டாம். தலைமை ஆசிரியையிடம் பேசிவிட்டேன், இடைவேளை ஊசியையும் நீங்கள் காட்டியபடி நானே போடுவேன். ஏதாவது என்றால் போன் செய்வேன். சத்தியமாகச் செய்வேன். இப்போது வீட்டுக்குப் போங்கள்.”

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என் பிள்ளைக்குச் சீனி இறங்கி, ஏறி, எல்லாம் முடிந்திருக்கிறது. வகுப்புச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு வருடத்தில் இது முதல்முறை. வகுப்பு ஜன்னலருகில் போய் எட்டிப் பார்த்தேன். ஆரபி குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பிள்ளையிடம் அழிறப்பர் வாங்கி, எதையோ அழித்து, திரும்ப எழுதினாள். என்னைப் பார்க்கவே இல்லை.

அஸ்வினியின் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். தமிழில்தான் வந்தது. அவர் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

வாசலுக்கு வெளியே வந்து தெருவில் நின்றேன். எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. போக வேண்டிய இடமும் ஒன்றும் இல்லை. முனையில் வடா பாவ் கடை. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அதன் வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறேன். ஒன்று கேட்டேன். கடைக்காரர் பச்சை மிளகாயைப் பொரித்து மேலே வைத்துத் தந்தார். ஒரு கையில் காகிதம், மறுகையில் பாண். மடியில் பை இல்லை, கண் எந்தப் பிள்ளையின் முகத்தின் மேலும் இல்லை. சூடு ஆறுவதற்குள், முழுவதையும், நின்றபடியே சாப்பிட்டேன். பிறகு இன்னொன்று கேட்டேன்.